போட்டோஷாப்பா, லைட்ரூமா, இலவசமா?

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் என் முதல் மிரர்லெஸ் கேமராவை வாங்கினேன். ரா (கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூல ஃபைல்), ஜேபெக் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படம்) இரண்டையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். ஒரு குடும்ப நிகழ்ச்சியில் எடுத்த 640 படங்கள் தொடப்படாமல் அப்படியே கிடக்கின்றன. எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று விசாரித்தால், போட்டோஷாப் இல்லாமல் முடியாது என்கிறார் ஒருவர். லைட்ரூம் போதும் என்கிறார் இன்னொருவர். இலவச மென்பொருளே தாராளம் என்கிறார் மூன்றாமவர். கிராக் செய்த போட்டோஷாப்பை பென் டிரைவில் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு மாற்றும்படி இருக்கக் கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது? பாட்டியை எடுத்த ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். முகம் இருட்டாகிவிட்டது. ஓரத்தில் ஸ்விட்ச் போர்டு வேறு. அதை அழிக்கவாவது போட்டோஷாப் வேண்டும்தானே?

பதில்:

உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேருமே அவரவர் அளவில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். போட்டோஷாப் என்றவர் அநேகமாக டிசைன் வேலை பார்ப்பவராக இருப்பார். லைட்ரூம் என்றவர் நிகழ்ச்சிகளுக்குப் படமெடுப்பவராக இருக்கலாம். இலவசம் போதும் என்றவர் பொறுமைசாலி. நீங்கள் இந்த மூவரில் யார் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. ஆறு மாதத்தில் தெரிந்துவிடாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பதிலைக் கடைசி வரை இழுக்க மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால், கேமராவைச் செய்த நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருளை இன்றைக்கு இறக்கிக்கொள்வேன். ஒரு மாதம் அதிலேயே உருள்வேன். அப்புறம் இலவசமான டார்க்டேபிள் அல்லது சந்தா கட்ட வேண்டிய லைட்ரூம் கிளாசிக், இரண்டில் ஒன்றுக்குப் போவேன். போட்டோஷாப் இப்போதைக்கு வேண்டாம். கிராக் எப்போதைக்கும் வேண்டாம். ஏன் என்று கேட்டால்தான் கதை நீளும்.

எடிட்டிங் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. 640 படங்களில் தேறுவது எது, தேறாதது எது என்று பிரிப்பது, தேறியவற்றின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது, அவற்றைத் தேவையான அளவில் வெளியே எடுப்பது ஒரு வேலை. ஒரே ஒரு படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் இருப்பதை அழிப்பது, இல்லாததை ஒட்டுவது, இரண்டு படங்களை ஒன்றாக்குவது இன்னொரு வேலை. 1990-ல் வெளிவந்த போட்டோஷாப் இந்த இரண்டாவது வேலைக்காகப் பிறந்தது. டிஜிட்டல் கேமராக்கள் பரவி, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்களோடு வீடு திரும்பும் நிலை வந்தபோது அது திணறியது என்று சொல்ல மாட்டேன், படமெடுப்பவர்கள்தான் திணறினார்கள். அந்தத் தலைவலிக்காகவே 2007-ல் அதே அடோபி நிறுவனம் லைட்ரூமைக் கொண்டுவந்தது. டார்க்டேபிள், ராதெரபி, கேப்சர் ஒன் எல்லாம் ஏறக்குறைய இதே கட்சி.

640 படங்களைப் போட்டோஷாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து, திருத்தி, சேமித்து, மூடுவதை நினைத்துப் பாருங்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. முதல் வகை மென்பொருளில் ஒரு படத்தைச் சரிசெய்துவிட்டு, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற நாற்பது படங்களுக்கும் அந்தத் திருத்தத்தை ஒட்டிவிடலாம். உங்களுக்கு இப்போது இருப்பது முழுக்க முழுக்க முதல் வகை வேலைதான், நீங்கள் இணைத்திருக்கும் பாட்டி படம் உட்பட.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். மென்பொருள் பற்றிப் பொதுவாக எவ்வளவு பேசினாலும் ஒரு படத்தில் கை வைத்தால்தான் புரியும்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார் பாட்டி. முகத்தின் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. கேமரா மொத்தக் காட்சிக்கும் சேர்த்து ஒரு சராசரி போட்டிருக்கிறது. விளைவு, ஜன்னலும் முழுதாகப் பிழைக்கவில்லை, முகமும் பிழைக்கவில்லை. உங்கள் ஜேபெக்கில் ஷேடோவை, அதாவது இருட்டான பகுதிகளை, ஏற்றிப் பார்த்தேன். கன்னத்தில் திட்டுத் திட்டாக, பழுப்பும் பச்சையுமாக ஏதோ தெரிகிறது. தோல் மாதிரியே இல்லை. பிறகு ரா ஃபைலைத் திறந்து எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) கொஞ்சம் கூட்டி, ஹைலைட்டை (பளிச்சென்ற பகுதிகளை) நன்றாகக் கீழே இறக்கி, ஷேடோவைப் பாதிக்கும் சற்றுக் குறைவாக ஏற்றினேன். இருட்டில் இருந்த கண்ணாடிச் சட்டமும் காதோரச் சுருக்கமும் எழுந்து வந்தன. கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) உண்டு, ஆனால் அது மணல் தூவியது போன்ற நாய்ஸ், கண்ணை உறுத்தவில்லை. ஜன்னலின் கீழ்ப்பாதியில் இலைகள் கூடத் தெரிந்தன. மேல்பாதி மட்டும் எவ்வளவு இழுத்தும் வெள்ளைக் காகிதமாகவே இருந்தது. ஒளியைப் பதியும் சென்சார் அங்கே நிரம்பி வழிந்துவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இரண்டு ஃபைலுக்கும் நடுவே ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இருட்டான பகுதியை மேலே இழுக்கும்போது அங்கே இருக்கும் படிகளை அகட்டி வைக்கிறோம். ஜேபெக்கில் அங்கே இருந்ததே கொஞ்சம். போதாததற்கு, இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு கேமரா நுணுக்கங்களைச் சுருக்கியும் விட்டது. அகட்டினால் இடைவெளிதான் தெரியும். வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸும் அப்படித்தான். ராவில் அது வெறும் குறிப்பு, எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஜேபெக்கில் சாயம் ஏறிக் காய்ந்த துணி.

அதனால் நீங்கள் ரா எடுப்பது நல்லது, தொடருங்கள். ராவைத் திறக்கத் தெரியாத மென்பொருள் எதுவும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டாம். ஜிம்ப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996 முதல் இருக்கும் நல்ல இலவச மென்பொருள். ஆனால் அது இரண்டாவது வேலைக்கான ஆள். ரா ஃபைலைக் கொடுத்தால் தானே திறக்காது, டார்க்டேபிளையோ ராதெரபியையோ கூப்பிடும். கைப்பேசியில் ஸ்னாப்சீட் வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசிப் படங்களுக்கு அது அருமை. 640 படங்களுக்கு அல்ல.

இப்போது, ஏன் முதல் மாதம் கேமரா நிறுவனத்தின் மென்பொருள் என்கிறேன் என்பது. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்காது. பட்டன்கள் எங்கெங்கோ இருக்கும். யூடியூபில் இவற்றைப் பற்றி ஆர்ப்பாட்டமாக யாரும் பேசுவதும் இல்லை. ஆனால் புதியவருக்கு ஒரு பெரிய உபகாரம் செய்கின்றன: ராவைத் திறந்ததும், கேமராவின் திரையில் நீங்கள் பார்த்த படம் ஏறக்குறைய அப்படியே வந்து நிற்கும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், ரா ஃபைலில் இருப்பது பாதி வெந்த சரக்கு. பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. பாதிப் பிக்சல்கள் பச்சைக்கு, மீதி பாதியைச் சிவப்பும் நீலமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த ஏற்பாடு இது. ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புவது மென்பொருளின் வேலை. அதற்கு மேல் காண்ட்ராஸ்ட் எவ்வளவு, தோல் நிறம் எப்படி என்பதிலும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சொந்த அபிப்பிராயம் உண்டு. அதனால் ஒரே ரா ஃபைல் மூன்று மென்பொருளில் மூன்று விதமாகத் தெரியும். டார்க்டேபிளில் முதல் தடவை திறப்பவர்கள் பாதிப் பேர் "என் படம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கிறது?" என்று பயந்து அன்றைக்கே அதை நீக்கிவிடுகிறார்கள். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கேமரா தடவிவிட்ட மெருகு இல்லாமல் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த மெருகு எது, அடிச்சரக்கு எது என்று பிரித்துப் பார்க்க ஒரு மாதம் ஆகும். அதற்குக் கேமரா நிறுவனத்தின் மென்பொருள் நல்ல பள்ளிக்கூடம்.

அந்த ஒரு மாதத்தில் நான்கைந்து ஸ்லைடர்களைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். வொயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஹைலைட், ஷேடோ, அப்புறம் ஓரத்தை வெட்டும் கிராப். கூடவே ஹிஸ்டோகிராம் என்ற அந்த மலை போன்ற வரைபடத்தைப் பார்த்துப் பழகுங்கள். வலது சுவரில் மோதி நிமிர்ந்து நின்றால் வெளிச்சம் வழிகிறது, இடது சுவரில் என்றால் இருட்டில் விவரம் புதைகிறது. நான் இதைத் தொழிலாகச் செய்கிறேன். நிகழ்ச்சிப் படங்களில் பத்தில் எட்டுக்கு இந்த ஐந்தைத் தாண்டி நான் போவதில்லை.

நீங்கள் பயப்படும் இடமும் இங்கேதான் வருகிறது. "ஒருமுறை கற்றுக்கொண்டால் பிறகு மாற்றும்படி இருக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கற்றது வீணாகாது. இந்த ஐந்து ஸ்லைடர்களும் எல்லா மென்பொருளிலும் உண்டு, பெயர் கொஞ்சம் மாறும், நடத்தை கொஞ்சம் மாறும். ஹைலைட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்கள் கண் கற்றுக்கொண்டதை எந்த நிறுவனமும் திரும்ப வாங்க முடியாது. புது மென்பொருளுக்கு மாறினால் பட்டன் தேடி ஒரு வாரம் எரிச்சல்படுவீர்கள், அத்தோடு சரி.

கூடவே வராதது வேறொன்று: செய்து வைத்த திருத்தங்கள். இந்த வகை மென்பொருள்கள் உங்கள் ரா ஃபைலில் உள்ள படத்தைத் தொடுவதே இல்லை. "எக்ஸ்போஷர் இவ்வளவு, கிராப் இப்படி" என்று ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கின்றன. அந்தக் குறிப்பை அதே மென்பொருளால்தான் சரியாகப் படிக்க முடியும். லைட்ரூமில் செய்த திருத்தத்தை டார்க்டேபிள் ஏதோ கொஞ்சம் படிக்க முயலும், முழுதாக வராது. கேப்சர் ஒன்னிலும் அதே கதிதான். நட்சத்திரக் குறி, குறிச்சொல் போன்றவை மட்டும் எக்ஸ்எம்பி என்ற சின்னத் துணை ஃபைல் வழியாகப் பெரும்பாலும் பத்திரமாகக் கடந்து போகும்.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நுழைவாசலைப் பார்க்காதீர்கள், வெளியே போகும் வாசலைப் பாருங்கள் என்பதுதான் என் ஒரே கட்சி. நுழைவாசல் எல்லா இடத்திலும் பூமாலையோடு இருக்கும். ஏழு நாள் இலவசம், முதல் மாதம் சலுகை என்பார்கள். மூன்று வருடம் கழித்து இருபதாயிரம் படங்களோடு கிளம்ப நினைக்கும்போது எதை எடுத்துக்கொண்டு போக முடியும் என்று இன்றைக்கே கேட்டுவிட வேண்டும். மென்பொருளும் சாகும். கூகுளின் பிகாசாவை எத்தனையோ வீடுகளில் வைத்திருந்தார்கள், 2016-ல் நிறுத்தப்பட்டது. ஆப்பிளின் அபர்ச்சர் 2005-ல் தொழில்முறைக் கலைஞர்களுக்கென்றே வந்தது; 2014-ல் இனி மேம்படுத்த மாட்டோம் என்றார்கள், அடுத்த வருடம் விற்பனையும் நின்றது, 2019 முதல் வந்த மேக் இயங்குதளங்களில் அது ஓடவே ஓடாது. மாற்றம் சில சமயம் நல்ல பக்கமும் திரும்பும். 2015-ல் வந்த அஃபினிட்டி போட்டோ ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்று பெயர் வாங்கியது. அதைச் செய்த நிறுவனத்தை 2024-ல் கேன்வா வாங்கி, 2025-ல் இலவசமாகவே விட்டது. நாளைக்கு என்ன ஆகும் என்று எதைப் பற்றியும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த வாசலை வைத்துப் பார்த்தால் டார்க்டேபிளுக்கு என் மனதில் தனி இடம். திறந்த மூல மென்பொருள். 2009 முதல் வளர்ந்து வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திருத்தக் குறிப்புகளை ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைலாக எழுதிவிடும். படம் இருக்கும் ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் குறிப்பும் கூடவே வரும். சந்தா இல்லை, எனவே அது தீர்ந்துபோகும் நாளும் இல்லை. குறை என்ன என்று கேட்டால், கற்பது கடினம். ஒரே வேலைக்கு மூன்று கருவி வைத்திருப்பார்கள், எது பழையது எது புதியது என்று விளங்கவே ஒரு வாரம் ஆகும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் லேப்டாப்பில் நாய்ஸ் குறைக்கும் சில கருவிகளை இயக்கினால் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டிவரும். கூடவே ராதெரபியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிலருக்கு அதன் அமைப்பு சட்டென்று பிடித்துவிடுகிறது.

லைட்ரூம் கிளாசிக் இதற்கு எதிர்ப்பக்கம். கற்பது சுலபம். படங்களைப் பிரித்து அடுக்குவதில் அதற்கு நிகராக நான் வேறொன்றைப் பார்க்கவில்லை. எந்தச் சந்தேகம் வந்தாலும் ஏற்கெனவே யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் சந்தா. பெயரில் மட்டும் கவனம் வேண்டும். 2017-லிருந்து லைட்ரூம் என்று இரண்டு இருக்கின்றன. கிளாசிக் என்பது படங்களை உங்கள் ஹார்ட் டிஸ்கில் வைத்தே வேலை செய்யும். வெறும் லைட்ரூம் என்பது கிளவுடை மையமாகக் கொண்டது, கைப்பேசியிலும் கணினியிலும் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கானது. தெரியாமல் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் பாடங்களைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறையப் பேர்.

சந்தாவை நிறுத்தினால் படமெல்லாம் போய்விடுமா என்ற பயமும் பரவலாக இருக்கிறது. கிளாசிக்கில் அப்படி இல்லை. மென்பொருள் திறக்கும், பழைய படங்களைப் பார்க்கலாம், செய்த திருத்தத்தோடு வெளியே எடுக்கலாம். ஸ்லைடர்கள் இருக்கும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும், புதிதாக டெவலப்பில் எதையும் திருத்த முடியாது. வாசல் முழுக்க மூடவில்லை என்பது எனக்கு ஓரளவு ஆறுதல். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: அதன் கேட்டலாக் அமைப்புகளில், மாற்றங்களைத் தானாகவே எக்ஸ்எம்பியிலும் எழுதும்படி ஒரு தேர்வு இருக்கிறது. வழக்கமாக அது அணைந்தே இருக்கும். முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

கேட்டலாக் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஒரு ராத்திரி ஃபோல்டர்களை எல்லாம் கணினியின் சாதாரண ஃபைல் ஜன்னல் வழியாகவே புது டிஸ்குக்கு மாற்றினேன். போகிற போக்கில் வருட வாரியாகப் பெயரையும் மாற்றினேன். ஒழுங்குபடுத்திவிட்டோம் என்று திருப்தியாகத் தூங்கினேன். காலையில் மென்பொருளைத் திறந்தால் பதினோராயிரம் படங்களின் மூலையிலும் ஆளுக்கொரு கேள்விக்குறி. கேட்டலாக் என்பது படங்களை வைத்திருக்கும் பெட்டி அல்ல, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிப் புத்தகம் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. எல்லாரும் வீடு மாறிவிட்டார்கள், பெயரையும் மாற்றிக்கொண்டார்கள், புத்தகத்தில் பழைய விலாசம். ஃபோல்டர் ஃபோல்டராகக் காட்டிக் கொடுத்து மீட்க நான்கு நாள் ஆனது. கேட்டலாக் வைத்து வேலை செய்யும் எந்த மென்பொருளிலும் ஃபோல்டரை நகர்த்துவதென்றால் அந்த மென்பொருளுக்குள் இருந்தே நகர்த்துங்கள். கேட்டலாக்கையும் படங்களோடு சேர்த்து பேக்கப் எடுங்கள். படங்களை மட்டும் காப்பாற்றிவிட்டுத் திருத்தங்களைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

அந்த பென் டிரைவ் விஷயம். நல்லது கெட்டது என்று உபதேசம் செய்யப் போவதில்லை, நடைமுறையாகவே சொல்கிறேன். கிராக்கை நிறுவும்போது முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். உங்கள் வீட்டுப் படங்கள் முழுவதும் இருக்கும் கணினியில், முன்பின் தெரியாத யாரோ மாற்றி எழுதிய ஒரு நிரலை, காவலை நீக்கிவிட்டு உள்ளே விடுகிறீர்கள். அப்டேட் வராது. நாளைக்குப் புதுக் கேமரா வாங்கினால் அதன் ரா ஃபைல் அந்தப் பழைய பதிப்பில் திறக்காது. இலவசமாகவே நேர்மையான மென்பொருள்கள் இத்தனை இருக்கும்போது இதற்கு எந்த அவசியமும் இல்லை.

பிரீசெட் எனப்படும், முன்பே போட்டுவைத்த ஸ்லைடர் எண்களின் தொகுப்பை விற்பவர்களிடமும் ஜாக்கிரதை. ஒரே கிளிக்கில் சினிமா நிறம் என்பார்கள். அவர் எடுத்த வெளிச்சத்தில், அவர் கேமராவில், அவர் படத்துக்குப் பொருந்திய எண்கள் அவை. உங்கள் பாட்டியின் முகத்தில் போட்டால் மஞ்சள் பூசியது போல இருக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு ஸ்லைடர்கள் பழகிய பிறகு வாங்கினால் வாங்குங்கள். அதற்குள் உங்களுக்கே வாங்கத் தோன்றாது.

லேப்டாப்பைப் பற்றி. 8 ஜிபி ரேமில் ஓடும், ஆனால் இழுத்துக்கொண்டு ஓடும். பிரவுசரை மூடிவிட்டு வேலை செய்யுங்கள். படங்களை இறக்கும்போதே முழு அளவு பிரிவியூக்களைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு வேறு வேலை பாருங்கள். பிறகு படம் மாற்றும்போது காத்திருக்க வேண்டியிருக்காது. செயற்கை நுண்ணறிவு கொண்டு நாய்ஸை நீக்கும் புதுக் கருவிகள் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்பவை. அவற்றைக் காரணம் காட்டி இப்போதே புதுக் கணினி வாங்கிவிட வேண்டாம். பணம் செலவழித்தே தீருவேன் என்றால் ரேமை 16 ஜிபி ஆக்க முடியுமா என்று பாருங்கள், கூடவே பேக்கப்புக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சுமாராக 25 முதல் 50 எம்பி. உங்கள் 640 படங்கள் மட்டுமே இருபது, முப்பது ஜிபியை விழுங்கியிருக்கும்.

இன்னொன்றையும் யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை. லேப்டாப் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். திரை பளிச்சென்று இருப்பதால் படத்தை இருட்டாகவே விட்டுவிடுவீர்கள், பிரின்ட் போட்டு வந்ததும் "கடைக்காரர் கெடுத்துவிட்டார்" என்பீர்கள். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, இரவில் நிறத்தை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டு, எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். வெளியே எடுக்கும்போது நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி. வேறு எதையாவது தேர்ந்தெடுத்துவிட்டு, கைப்பேசியில் நிறம் செத்துப் போயிருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள். 640-ல் முதலில் எதையும் திருத்த வேண்டாம். ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்து, மனதுக்குப் பட்டதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் போடுங்கள். ஒரு படத்துக்கு மூன்று நொடிக்கு மேல் கொடுக்காதீர்கள். நூறோ நூற்றிருபதோ மிஞ்சும். மறுநாள் அந்த நூறில் இரண்டாவது நட்சத்திரம். நாற்பது தேறினால் அதுவே பெரிது. அந்த நாற்பதைத்தான் திருத்தப் போகிறீர்கள். பிரிப்பதில் சோம்பல்பட்டு அறுநூற்றையும் திருத்த உட்காருபவர்கள்தான் முப்பதாவது படத்தில் வெறுத்துப்போய், எல்லாம் மென்பொருளின் குற்றம் என்று அடுத்ததைத் தேடிப் போகிறார்கள்.

மாதக் கடைசியில் அந்த நாற்பதில் மூன்று படங்களை எடுத்து டார்க்டேபிளிலும், லைட்ரூம் கிளாசிக்கின் இலவசச் சோதனைக் காலத்திலும் செய்து பாருங்கள். எது பிடிக்கிறது என்று அப்போது நீங்களே சொல்வீர்கள். இரண்டில் எதற்குப் போனாலும், முடித்த படங்களை முழு அளவு ஜேபெக்காகவும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். மிகவும் பிடித்த ஐந்தாறு படங்களை 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாகவும். மென்பொருள் இருந்தாலும் போனாலும் அவை எங்கேயும் திறக்கும்.

அப்புறம் அந்த ஸ்விட்ச் போர்டு. அதற்குத்தானே போட்டோஷாப் என்றீர்கள். அது இருப்பது படத்தின் வலது ஓரத்தில், பாட்டியின் தோளிலிருந்து நல்ல தூரத்தில். வலப்பக்கத்திலிருந்து ஒரு விரல் அகலம் கிராப் செய்தேன். போய்விட்டது. செய்தித்தாளின் விளிம்பு படத்தின் ஓரத்துக்குக் கொஞ்சம் நெருங்கியது. இப்போது அதைப் பார்த்தால் இன்னும் நன்றாகவே இருக்கிறது.